சூடாமணியின் சிக்னல்

ஆழ்வார்பேட்டையில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார் சூடாமணி. நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. அமெச்சூர் வானொலிக்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்கி இருபத்துமூன்று வருடமாகிறது. காலை ஆறரைக்கு ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் கோவை, நாகர்கோவில், மதுரை என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். தினமும் அவரிடம் "சாப்டீங்களா" என்று கேட்டவர்கள் அவர்கள்தான்.

ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்து காதைக் கெடுத்துவிட்டுப் போனது. வலது காதுப் பக்கம் ஒட்டி நின்று பேசினால் கொஞ்சம் கேட்கும். காதில் மெஷின் வைத்தும் ரேடியோவில் வரும் குரல் வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது.

பேச முடியாவிட்டால் எழுதலாம் என்று தோன்றியது. ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். தட்டுகிற எழுத்துகளைக் கம்ப்யூட்டர் ஒலியாக மாற்றும். ரேடியோ அதை அனுப்பும். எதிர்முனையில் அது மறுபடி எழுத்தாகத் திரையில் வரும். ரேடியோ நண்பர்களின் வாட்ஸப் குழுவில் சொன்னதும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். முதல் வாரம் ஐந்து பேர் எழுத்தில் பேச வந்தார்கள். இரண்டாவது வாரம் இரண்டு பேர். பிறகு ஒருவரும் இல்லை. கேட்டால், கம்ப்யூட்டர் ரிப்பேர், வீட்டில் விருந்தாளி என்று பதில் வந்தது. சூடாமணி ஒரு மாதம் தினமும் தட்டிப் பார்த்தார். திரை வெறுமையாகவே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஹபூப் அலி வந்தார். கொட்டிவாக்கத்தில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், அதே குழுவில் ஒருவர். வலது காதுப் பக்கம் வந்து நின்றார்.

"அக்கா, உங்க சிக்னல் கெட்டுப் போய் கீது. நல்ல சிக்னல்னா திரையில ரெண்டு கோடு வரும். உங்களுது ரெண்டு பக்கமும் பரவிக்கினு பத்து கோடா வருது. ஒரு வார்த்தைகூட முழுசா படிக்க முடியல. பக்கத்துல பேசறவங்களையும் கெடுக்குது."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே."

சூடாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். காது கேட்கிறவராக இருந்தால் தன் ரேடியோ கரகரப்பதைத் தானே கண்டுபிடித்திருப்பார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்க்கா. உங்க மனசு கஷ்டப்படும்னு யாரும் சொல்லல. நானும்தான்."

"அதுக்கு ஒரு மாசம் என்னைத் தனியா தட்ட விட்டீங்களா?"

மெஹபூப் அலி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். ஒலி அளவு கடைசிவரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. தன் காதுக்குப் போதாமல் சூடாமணிதான் ஏற்றியிருந்தார். ரேடியோவுக்குள் ஒலியை அளவுக்கு மேல் திணித்ததில் எழுத்துகள் சிதைந்திருந்தன.

"ரேடியோல இந்த முள்ள பாருங்க. நீங்க அனுப்பும்போது இது அசையவே கூடாது. அசையாத வரைக்கும் சத்தத்தைக் கொறைங்க."

சூடாமணியே குறைத்தார். எழுபது, ஐம்பது, முப்பது. இருபத்திரண்டில் முள் நின்றது. அனுப்பும் சக்தியையும் நூறு வாட்டிலிருந்து முப்பதாக இறக்கினார். மெஹபூப் அலி வீட்டுக்குப் போய் ரேடியோவைப் போட்டதும் சூடாமணி தட்டினார். அவர் திரையில் பதில் எழுத்துகள் ஓடின: "ரெண்டே கோடு அக்கா. சுத்தமா கீது."

அன்று மாலை சூடாமணி குழுவில் ஒரே வரி எழுதினார்: "என் சிக்னல் கெட்டால் என்னிடமே சொல்லுங்கள்." கட்டைவிரல் படங்கள் பதினொன்று வந்தன.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுத்தில் அழைத்தார். ஒருவர் மட்டும் வந்தார். நாகர்கோவில் டயானா, குழுவில் அதிகம் பேசாதவர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடம் ஆனது. அங்கே மழை என்றார். குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது என்றார். நாளையும் மறுநாளும் பள்ளியில் பரீட்சை வேலை, வரமுடியாது என்றார். மற்றவர்கள் குரலில் பேசிக்கொண்டிருந்த அலைவரிசை பக்கத்திலேயே இருந்தது. சூடாமணி அந்தப் பக்கம் திருப்பவில்லை.

"வியாழன் வருவீங்களா?" என்று தட்டினார்.

பதில் வர நேரமானது. அலுவலகத்துக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸைப் பற்றி நினைக்காமல் திரையைப் பார்த்தபடி இருந்தார்.