உமிச் சாம்பல் கலந்த கல்

சமைக்கக் குசினி ஒன்று கட்டச் செங்கல் வேண்டும் என்று நானும் என் கணவரும் குறிஞ்சாக்கேணிச் செங்கல் வாடிக்குப் போனோம். எழுபதுகளில் சீமெந்துக்குத்தான் தட்டுப்பாடு, கல்லுக்கு இல்லை. வாடிக்காரர் காட்டியதும் நல்ல கல்தான். அதையே வாங்கியிருந்தால் மாரிக்கு முன் சுவர் எழும்பியிருக்கும். ஆனால் என் கணவர் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர். வாடிக்கு வரும் வழியில் நெல் மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடந்த உமிச் சாம்பல் கண்ணில் பட்டுவிட்டது.

"களிமண்ணோட இதைச் சேர்த்தா கல் பாரம் குறையும், காயேக்க வெடிக்காது," என்றார். எங்கோ வாசித்திருக்கிறார். எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் வாசிக்கவில்லை.

மூன்று கூடை மண்ணுக்கு இரண்டு கூடைச் சாம்பல் கொட்டச் சொன்னார். வாடிக்காரர் மிதித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், மண்ணில பசையே இல்ல. இது கல்லாக ஏலாது."

"நீங்க அச்சில போடுங்க."

அச்சைத் தூக்கியதும் புட்டுப்போல உதிர்ந்தது. இவர் மண்ணைக் குறை சொன்னார்.

அடுத்த முறை சாம்பலைப் பாதியாக்கினார். சூளை பிரித்தால், எடுத்த கல்லெல்லாம் மூலை கழன்றது. உடைத்தால் நடுவில் கறுப்பு. அதற்குச் சூட்டைக் குறை சொன்னார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த மாரி முழுவதும் ஒழுகும் கிடுகுக் கூரைக்குக் கீழே, ஒரு கையில் குடையுடன் சோறு வடித்தேன். அவரோ உள்ளே கதிரையில் இருந்து புதுச் சூளைக்குப் படம் கீறிக்கொண்டிருந்தார்.

வெயில் வந்ததும், அவர் பள்ளிக்கூடம் போன நேரம் நானே வாடிக்குப் போனேன். கல்லின் நடுவில் இருந்த கறுப்பு எரியாத உமிக் கரிதான் என்று எனக்குப் பட்டதால், நன்றாக எரிந்து வெளுத்த சாம்பலை மட்டும் பொறுக்கி, மா அரிக்கும் அரிதட்டால் அரித்தேன். பத்துக் கூடை மண்ணுக்கு ஒரு கூடை போதும் என்றேன்.

"தங்கச்சி, மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னும் ரெண்டு கூடை கொட்டுவார்."

வாடிக்காரர் சிரித்துக்கொண்டே மண்ணை மிதித்தார். அந்தச் சூளைக் கல் சிவந்து வந்தது. தூக்கினால் பாரம் குறைவு. ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்றது. எனக்கே நம்ப முடியவில்லை.

இவர் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, "நான் சொன்னனான்தானே!" என்றார். மறுநாள் இரண்டு மாஸ்டர்மாரைக் கூட்டிவந்து காட்டினார். நான் அளவைச் சொன்னதும் கொப்பியில் எழுதிக்கொண்டார். "பத்துக்கு ஒண்டு... நானும் அதைத்தான் யோசிச்சிருந்தன்."

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. சுவர்ப் பூச்சுக்கும் சாம்பல் கலக்கலாமா என்று மேசனோடு வாதாடிக்கொண்டிருந்தார்.