பனி பெய்யாத சனிக்கிழமை

வெல்டா யாரையும் லேசில் நம்பிவிட மாட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பின்சீட்டில் திடீரென்று சத்தம் அடங்கினால் அவள் கண் உடனே கண்ணாடிக்குப் போகும். ஏதோ விஷமம் நடக்கிறதென்று அர்த்தம். வேலையை விட்ட பிறகும் அந்தப் பார்வை அவளை விடவில்லை.

கணவன் ராய்ஸ் இறந்தபின் சனிக்கிழமை காலைக்கு அவளுக்கு எம்மெட்தான் துணை. ஊர்ப் பொது வானொலியில் அவர் போடும் நாட்டுப்பாட்டையும் புளூஸ் இசையையும் கேட்டபடிதான் துணி மடிப்பாள். அந்த விசுவாசத்தில் வருஷாவருஷம் நேயர்களிடம் பணம் திரட்டும் நன்கொடை வாரத்தில் நிலையத்துக்குப் போய், வரும் போன்களை எடுப்பாள்.

இந்த வசந்தத்தில் போன உடனேயே நெருடியது. நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் காபிக் கோப்பையில் எல்லா நிகழ்ச்சிகளின் பெயரும் இருக்கும். புதுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ட்ரெவர், எம்மெட்ட எங்க காணோம்?"

"இடம் பத்தல வெல்டா. கோப்பை சின்னது," என்றான் நிலைய மேலாளன்.

"சமையல் நிகழ்ச்சிக்கு மட்டும் ரெண்டு வரி இருக்கே?"

"உங்க கண்ணுக்குத் தப்புமா! டோனட் எடுத்துக்கங்க."

சீட்டில் சூயிங்கம் ஒட்டிய பிள்ளைகளும் இப்படித்தான், கேட்காமலே மிட்டாய் நீட்டுவார்கள். அவள் டோனட்டைத் தொடவில்லை.

ஒலிபெருக்கியில் எம்மெட் பேசினார். "போன் பண்ணி நன்கொடை குடுங்க மக்களே. வெளியில பனி கொட்டுது, பாத்துப் போங்க."

வெல்டா ஜன்னலைப் பார்த்தாள். வாசலில் டூலிப் பூத்திருந்தது. ட்ரெவரின் கார் வெயிலில் பளபளத்தது. ஒலிபரப்பு அறையில் எம்மெட்டின் நாற்காலி காலி.

"இது பழைய பதிவுதானே?"

ட்ரெவர் குரலைத் தாழ்த்தினான். "குளிர்காலத்திலேயே அவர நிறுத்திட்டோம். அதுலேர்ந்து பழைய பதிவுதான் ஓடுது. இந்த வாரத்துக்கு அப்புறம் செய்தி மட்டுந்தான். அவர் சர்ச் கீழ்த்தளத்துல இருக்கற சமூக வானொலிக்குப் போயிட்டார்."

"அப்ப அவர் குரல வச்சு எதுக்குக் கையேந்தறீங்க?"

"அவர் நேரத்துலதான் போன் நெறைய வருது."

போன் அடித்தது. ஒரு கிழவர். "எம்மெட்டுக்காகத்தான் குடுக்கறேன். நிகழ்ச்சி தொடரும்ல?"

ட்ரெவர் 'ஆமாம்' என்று தலையாட்டிக் காட்டினான்.

"இல்லீங்க, எடுத்துட்டாங்க. எம்மெட் இப்ப சர்ச்சுல இருக்கற சமூக வானொலியில இருக்காராம். அங்க குடுங்க."

கிழவர் விடவில்லை. "நீ அந்தச் சர்ச் வானொலி ஆளா?"

"நானே இப்பத்தான் கேள்விப்படறேன்."

போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். ட்ரெவர் ஏதோ சொன்னான்; அவள் நிற்கவில்லை.

சமூக வானொலியின் அலை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவள் வீடு வரைக்கும் எட்டாது. அடுத்த சனிக்கிழமை துணிக்கூடையைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து, சர்ச் பக்கம் நிறுத்தினாள். பின்சீட்டில் துண்டுகளை மடித்து அடுக்கினாள். கார் ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து எம்மெட் வந்தார். "வெளியில தூறல் போடுது மக்களே."

வெல்டா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். நனைந்தது.

அப்புறம்தான் அடுத்த துண்டை எடுத்தாள்.