மேட்டில் நின்றுபோன வண்டி

எர்மிலோ அண்ணன் டாக்சியை விற்கப்போகிறார் என்ற செய்தியை என் மனைவி ஒப்தூலியாதான் சந்தையிலிருந்து கொண்டுவந்தாள். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, என் மேல் பாய்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இகுவாலாவுல இருந்து ஒருத்தன் வண்டியப் பாக்க வர்றானாம். மூணு வாரமா உங்க மெக்கானிக் பட்டறைக்கு வந்து வந்து போச்சே, என்னத்தக் கிழிச்சீங்க?"

"வண்டியில ஒண்ணுமில்லடி. ஓட்டுற ஆளுக்குத்தான் வயசாயிடுச்சு."

அவள் பையைத் தொப்பென்று கீழே போட்டாள். அந்த மனிதரைப் பற்றி அப்படிப் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு புனித வெள்ளி மதியம், இவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. எங்கள் மலையூர் தாஸ்கோவில் அன்றைக்கு எந்தத் தெருவிலும் வண்டி போகாது. ஊரே பவனியில் இருக்கும். எர்மிலோ அண்ணன் இவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, தான் இறங்கி வண்டிக்கு முன்னால் நடந்தார். சொரூபம் சுமந்து வருகிறவர்களிடம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "ஒரு உசுரு போயிட்டிருக்கு, சாமி கோவிச்சுக்க மாட்டாரு, ஒதுங்குங்கய்யா" என்றார். தவமாக முள்செடிக் கட்டைத் தோளில் சுமந்து வந்தவர்கள்கூடச் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். இன்றைக்கு இவள் என்னைத் திட்டுகிறாள் என்றால் அது எர்மிலோ அண்ணன் போட்ட பிச்சை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "ஏற்கெனவே ஒருத்தி இருக்கா, காலையில கிளப்பவே அரை மணி கெஞ்சணும்" என்று வண்டியைக் காட்டுவார். வெள்ளை வோச்சோ. வண்டு போலக் குண்டாக இருக்குமே, அந்தக் கார்தான். எங்கள் ஊர் டாக்சிகள் எல்லாம் அதுதான். செங்குத்தான கல் பாவிய சந்துகளில் வேறு எதுவும் ஏறாது. ஆள் ஏறி இறங்க வசதியாக ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டைக் கழற்றிவிடுவோம். கதவில் ஒரு கயிறு. ஏறியதும் ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே இழுத்துச் சாத்துவார்.

இருபத்தெட்டு வருடமாக அதே வண்டி. பிரசவ வலிக்காரி, கால் ஒடிந்தவன், மயங்கிய கிழவர் என்று யாரையும் வாடகை பேசி அவர் ஏற்றியதில்லை. இது வெள்ளிப் பட்டறைகளின் ஊர். வாயால் நன்றி சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது, பட்டறையில் உட்கார்ந்து காசளவு கனமாக ஒரு வெள்ளிப் பதக்கம் தட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு புனிதர், ஒரு கால், ஒரு இதயம். எல்லாவற்றையும் அவர் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டார். "வீட்டுல வெச்சா யாரு பாக்கப் போறா?" என்பார். வண்டி வருவதற்கு முன்பே அந்தக் கலகலச் சத்தம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட வண்டிதான் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றது. அதுவும் மேட்டில், ஆள் நிறைந்திருக்கும்போது. பிரேக்கை அழுத்திப் பிடித்து மறுபடி சாவியைத் திருப்பினால், எதுவும் நடக்காததுபோல் கிளம்பும். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். காயில், பிளக், வயர் எல்லாம் புதிது. ஒவ்வொரு தடவையும் நானே எடுத்துக்கொண்டு போய் ஊரின் மோசமான மேடெல்லாம் ஏற்றினேன். தும்மல்கூடப் போடவில்லை. அவர் கையில் கொடுத்தால் மறுநாளே நிற்கும்.

நான் வேலை செய்யும்போது பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குப் பிடிக்காது. "வண்டிய விட்டுட்டு போங்க" என்பேன். அவரும் மாற்றுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எப்போது நின்றது, எப்படி நின்றது என்று உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? இல்லை. வைத்தியம் பார்க்கிறேன் என்று நோயாளியை வெளியே அனுப்பிய புத்திசாலி நான்.

சனிக்கிழமை காலை ஒப்தூலியா என்னைப் பட்டறைக்கே போகவிடவில்லை. "போயி அவரு வண்டியில பயணியா ஏறுங்க. நின்னா நிக்கட்டும், கூட இருந்து பாருங்க" என்று தள்ளிவிட்டாள்.

ஏறினேன். அவர் கயிற்றை இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"என்ன தம்பி, கடைசி சவாரியா?"

"அண்ணே, நெஜமாவே விக்கப்போறீங்களா?"

"நேத்து ஒரு புள்ளத்தாச்சிய வெச்சிக்கிட்டு பின்னாடி உருண்டேன்யா. சுவத்துல முட்டி நின்னுச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல. வண்டி ஒன் கையில நல்லா ஓடுது, என் கையில ஓடல. அப்ப கோளாறு யாரு? போதும்னு மேல இருக்கறவன் சொல்றான்."

இதே வார்த்தையைத்தானே நானும் வீட்டில் சொன்னேன்.

பாதி மேட்டில் கற்கள் பெயர்ந்து கிடக்கும் இடத்தில் வண்டி குலுங்கியது, நின்றது. நான் பார்த்தது டாஷ்போர்டை. எஞ்சின் மட்டும் நின்றிருந்தால் அங்கே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. பெட்ரோலும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. சாவி போடும் இடத்திலேயே கரண்ட் அறுந்திருக்கிறது. கண் சாவிக்குப் போனது. கோயில் மணி மாதிரி அந்தக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எனக்கு நீங்க குடுத்த சாவியில இதெல்லாம் இல்லையே?"

"இத எவன் கையிலயாவது குடுப்பனா? அது மொட்டச் சாவி."

முன் சீட்டு இல்லாத காலி இடத்துக்கு நகர்ந்து மண்டியிட்டேன். கொத்தை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கிக்கொண்டேன். "இப்ப ஓட்டுங்க." அதே கற்கள், அதே குலுக்கல், வண்டி ஏறியது. திரும்பிக் கீழே போய் மறுபடி வந்து, கையை விட்டேன். நின்றது. மறுபடி பிடித்தேன். ஓடியது.

"பூசையில முட்டி போட்ட மாதிரி இருக்கியேடா" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

எதிரே இருந்த வெள்ளிப் பட்டறையில் எடை போட்டோம். முப்பத்தெட்டுப் பதக்கம், அறுநூறு கிராமுக்கு மேல். இத்தனை வருடமும் தொங்கி ஆடி சாவி சுவிட்சைத் தேய்த்துவிட்டிருந்தது. புது சுவிட்ச் அரை மணி வேலை. "ஆனா இந்தக் கொத்து இனிமே சாவியில தொங்கக்கூடாதுண்ணே."

அவர் வளையத்தை மார்போடு பிடித்துக்கொண்டார். "யாரோட நன்றியக் கழட்டச் சொல்ற? இது பிரசவத்துக்குப் போன செலஸ்தினாவோட புள்ள. இது கால் ஒடிஞ்ச அந்தச் செங்கல் சூளக்காரன். யார எறக்கி விடுவேன்?"

"என்னோடதுல இருந்து ஆரம்பிங்க."

நான் போட்டதுதான் இருப்பதிலேயே பெரியது. எல்லோரும் காசளவு செய்தபோது நான் உள்ளங்கை அகலத்தில் செய்யச் சொல்லியிருந்தேன். அது மட்டுமே தொண்ணூறு கிராம். அவர் வண்டியை நிறுத்தியதில் என் பங்குதான் அதிகம், அவரைக் குறை சொன்னவனும் நான்தான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் ஒரு குட்டு வைத்தார், அவ்வளவுதான்.

சீட்டு இல்லாத அந்தக் காலி இடத்துக்கு எதிரே, டாஷ்போர்டில், பயணி பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கும். முப்பத்தெட்டையும் அதில் வரிசையாகக் கட்டினோம். நான் புது சுவிட்சை மாட்டியதும், மொட்டைச் சாவியைப் போட்டு அதே மேட்டில் ஏற்றினார். கற்கள் பெயர்ந்த இடத்தில் குலுங்கியது. வண்டி தாண்டிப் போனது. மாதா கோயில் வாசலில் நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னாராம். என்ன கோளாறு என்று அவன் கேட்டதற்கு, "சனங்க கொஞ்சம் ஓவரா வாழ்த்திட்டாங்க" என்றாராம்.

வியாழக்கிழமை, ஊர் வழக்கப்படி பொசோலே என்கிற சோளக் கறி சூப் சாப்பிடக் கிளம்பினோம். அவர் வண்டிதான். ஒப்தூலியா முன்னால் குனிந்து பதக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்களுடையதைக் கையில் எடுத்தாள்.

"மத்தவங்க எல்லாம் அளவாத்தானே செஞ்சிருக்காங்க? உங்கள யாரு இவ்வளவு பெருசா செய்யச் சொன்னது?"

"நீ பொழச்சு வந்துட்டே. சின்னதா செய்ய மனசு வரல."

அவள் மேடு முடியும்வரை அதைக் கையில் தாங்கிப் பிடித்தபடியே வந்தாள்.