அரைப் பேர் வாங்கிய ஃபங்க்டர்

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "அக்கா, நல்ல கோட் எப்படி எழுதுறது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். முதலில் அதை யார் நிறுக்கிறார் என்று பாருங்கள் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். ஹட்டனில் என் முதல் வேலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1. வெள்ளிக்கிழமை நிறுவை

ஒரு முஸ்லிம் நானாவின் பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்தோம். முதலாளி டொமினிக் சார், தோட்டத்தில் கண்டாக்காக இருந்து மலை வேலையை மேற்பார்த்து ஓய்வு பெற்றவர். பழக்கத்திலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒவ்வொருவரும் எழுதிய வரிகளை எண்ணுவார். அளவு தாண்டினால் முழுப் பேர்; தோட்டத்தில் அது முழுநாள் சம்பளம். குறைந்தால், கொழுந்து குறைந்த பெண்ணுக்குப் போடுவது போலவே அரைப் பேர். அரைப் பேராகவே விழுந்துகொண்டிருந்தால் வேலை நிரந்தரமாகாது.

எனக்கு அது நிரந்தரமாகியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகவேண்டும். அக்கரப்பத்தனைத் தோட்டத்து லய வீட்டில் அம்மா தனி ஆள், இன்னும் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

2. சத்தியம் செய்யும் கோட்

எங்கள் மென்பொருள் ஓகேமல் என்ற புரோகிராம் மொழியில் இருந்தது. சாரின் மருமகன் ஆரம்பித்து வைத்துவிட்டுக் கனடா போய்விட்டான். அதில் ஃபங்க்டர் என்று ஒன்று உண்டு. மாடியூல் என்னும் கோட் துண்டைக் கொடுத்தால் இன்னொரு மாடியூலைச் செய்து தரும் அச்சு. தராசு எது, நனைந்த கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு எவ்வளவு, பேர் போடும் விதி என்ன என்ற மூன்றையும் கொடுத்தால் அந்தத் தோட்டத்துக்கான புரோகிராம் வந்துவிடும்.

யோசனை அருமை. எழுதிய விதம்தான் கண்றாவி. ஒவ்வொரு சின்ன ஃபங்க்டரும் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டது. பிறகு, தராசு சொல்லும் எடையும் கழிவு சொல்லும் எடையும் ஒரே வகை, அதுவும் விதி சொல்லும் எடையும் ஒரே வகை என்று ஒவ்வொரு இடத்திலும் சத்தியம் செய்தது. கல்யாண வீட்டில் மைக் பிடித்தவர், எழும்பும்போதெல்லாம் எல்லாப் பெரியவர் பெயரையும் முதலிலிருந்து சொல்வது போல.

நான் மூன்றையும் 'தோட்டம்' என்ற ஒரே மாடியூலுக்குள் வைத்து, சத்தியத்தை அதற்குள் ஒரே ஒரு தடவை செய்தேன். மற்ற ஃபங்க்டரெல்லாம் 'தோட்டத்தைக் கொடு' என்று மட்டும் கேட்டன. அம்மா வேலை செய்யும் தோட்டத்தின் புரோகிராம் முழுக்க ஒரு ஸ்கிரீனுக்குள் அடங்கியது. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னா புள்ள, வாரம் பூரா எங்க போயிருந்த?"

"இங்கதாங்க சார் இருந்தேன். பழசச் சுருக்கியிருக்கேன்."

"சுதாவப் பாரு, மூட்ட மூட்டையா எழுதியிருக்கா. நீ இருந்ததையும் கொறச்சிட்டு வந்து நிக்கிற. அரப்பேரு!"

பக்கத்து மேசைச் சுதா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பழைய ஃபங்க்டரை நகலெடுத்துப் பெயர் மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னேன். "ஏண்டி, கம்பஸ் போயி கம்பியூட்டர் படிச்சும் அரப்பேரா?" என்றார் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. வாயைக் கொடுத்தது

திங்கட்கிழமை சாரிடம் போனேன். "நனஞ்ச கொழுந்துக்குத் தண்ணி கழிப்பீங்கதானே சார்?"

"கழிக்காம? தண்ணிக்கெல்லாம் பேரு போடவா?"

"திரும்பத் திரும்ப எழுதுற வரியெல்லாம் தண்ணிதாங்க சார். நான் அத வடிச்சிட்டேன்."

சாரின் முகம் மலர்ந்தது. "அட, இது எனக்குத் தோணாமப் போச்சே!" உடனே பலகையில் எழுதினார்: இனி எல்லோருடைய வரியிலும் கால்வாசி தண்ணிக்குக் கழிக்கப்படும்.

"எங்கிட்டதான் தண்ணியே இல்லீங்களே?"

"மலையில வெயில்னாலும் கழிக்கிறதுதான். ஆளாளுக்குப் பாத்துக்கிட்டிருந்தா நிறுத்து முடியுமா?"

என் சுருக்கிய கோட்டிலும் கால்வாசி போனது. எனக்கு இது தேவையா?

4. முழுப் பேர்

கம்பைலரில் ஒரு கட்டளை உண்டு. கோப்பைக் கொடுத்தால், நாம் எழுதாமல் விட்ட வகைகளையெல்லாம் தானே விரித்து எழுதித் தரும். தட்டிப் பார்த்தேன். வரி வரியாகக் கொட்டியது. அப்படியே சேர்த்துக் கொடுத்தேன்.

"பாத்தியா, கண்டிச்சாத்தான் வேல வருது!" என்றார் சார். முழுப் பேர். சுதா அக்காவுக்கும் கட்டளையைச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குச் சுருக்கமாகவும் சாருக்கு நீளமாகவும் எழுதினோம். வேலை நிரந்தரமானது.

கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா முகம் சரியில்லை.

"புதுத் தராசு வச்சிருக்காங்கடி, உங்க கம்பெனிதாம். சுள்ளுன்னு வெயிலு, தண்ணிக்குன்னு கழிச்சிருச்சு. அரப்பேரு. உங்க கம்பியூட்டருக்கு மட்டும் மழையா?"

கோட்டைத் திறந்து பார்த்தேன். முன்பு பக்கம் பக்கமாகக் கிடந்த கழிவு, இப்போது பளிச்சென்று ஒரே வரி. வெயிலோ மழையோ, அதே அளவு கழி.

மாற்ற வேண்டியது அந்த ஒரு வரிதான். சாரைக் கேட்டேன். அவர் தேயிலை ஃபேக்டரி ஐயாவைக் கேட்கச் சொன்னார். ஃபேக்டரி ஐயா உதவி மேனேஜர் சின்னத்தொரையை, சின்னத்தொரை மேனேஜர் பெரியதொரையை, பெரியதொரை கொழும்பு ஆபீஸை. கொழும்பு ஆபீஸ், டொமினிக் சார் மூலமாக வரச் சொன்னது.

பிள்ளைகளே, கோட்டைச் சுருக்குவது லேசு, ஒரு வாரம் போதும். இந்தச் சுற்றைச் சுருக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. இன்றைக்கும் அக்கரப்பத்தனையில் நல்ல வெயில். அம்மாவுக்குத் தண்ணி கழிந்திருக்கும்.