மூடிய கையைக் காட்டிவிட்டு ஓடிய ரகு

ரகு போய்விட்டான் என்று வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. போட்டிருந்த படம் பத்து வருஷம் பழையது. உடலை எப்போது எடுக்கிறார்கள் என்ற விவரமும் இல்லை. இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு, கடைசியில் அவன் வீட்டுக்கே போன் அடித்தேன். அவன் மனைவி பத்மா எடுத்து அழுதாள். அதற்குப் பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். மாரடைப்பு என்றார்கள். அதையும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டேன். ரகுவைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். என் புத்தி அப்படி.

ஒன்பது வருஷம் நாங்கள் டென்னிஸில் இரட்டையர் மட்டுமே ஆடினோம். சென்னை, புனே, பாங்காக், தாஷ்கண்ட் என்று சின்னப் போட்டிகளாகத் தேடிப் போய், ஒரே அறையில் தங்கி, ஒரே சோப்பில் துணி துவைத்தோம். ஒற்றையர் ஆட ரகுவுக்குத் திறமை இருந்தது. ஆனால், “தனியா நிக்க ஏலாதுலே. தோத்தா யாரைத் திட்டுறது?” என்பான். தோற்றபோதெல்லாம் நான் அவனைத் திட்டினேன். அவன் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

நான் சர்வீஸ் போடும்போது நெட்டில் நிற்பது அவன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவான். கை மூடியிருந்தால் நின்ற இடத்திலேயே நிற்பான். விரித்திருந்தால் குறுக்கே பாய்ந்து பந்தை மறிப்பான். அவன் விட்டுப்போன பக்கத்துக்கு நான் ஓட வேண்டும். எதிரே நிற்பவர்களுக்கு அந்தக் கை தெரியாது. அப்படியிருந்தும் ஒரு கட்டத்தில் அவன் பாயும் நேரமெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துபோனது. அவன் காலி செய்த இடத்திலேயே பந்தை அடித்தார்கள். சங்கேதம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லவில்லை. மிச்சம் யார்?

புனேயில் ஒரு சாயங்காலம், எங்களைத் தோற்கடித்த குண்டூர்க்காரனோடு ரகு தண்ணீர்க் குழாய் அருகே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். ரகு வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் பேச்சுக்கு நடுவே ‘பால்பாண்டி’ என்று இரண்டு தடவை வந்தது. என் பெயர் எந்தப் பாஷையிலும் எனக்குப் புரியும்.

“என்னலே பேசுன?” என்று கேட்டேன்.

“சும்மாதான். ஊர்க்கதை” என்றான்.

அதற்கடுத்த போட்டியிலிருந்து புதுக் கூத்து ஆரம்பித்தது. கையை மூடிக் காட்டுவான், ஆனால் குறுக்கே பாய்வான். பல பந்துகளை மடக்கினான், பெயர் வாங்கினான். ஓர் அரையிறுதியின் கடைசிப் பந்தில் அப்படித்தான் பாய்ந்தான். பந்து அவனைத் தாண்டிக் காலி இடத்தில் விழுந்தது. நான் தூண் மாதிரி நின்றேன். அந்தப் போட்டியில் ஜெயித்திருந்தால் பெரிய போட்டிகளுக்கான வாசல் எங்களுக்குத் திறந்திருக்கும்.

ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கியதும், “என்னை வித்துட்டயேலே” என்றேன். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவன் முகம் சுருங்கியது. “பசிக்கி. வா, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்” என்றான். நான் போகவில்லை. அதோடு ஜோடி முறிந்தது. புதுக் கூட்டாளியோடு நான் இரண்டு வருஷம் ஆடினேன். அங்கேயும் எதிராளிகளுக்கு எல்லாம் தெரிந்துபோனது. அவனையும் சந்தேகப்பட்டேன்.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம் அந்தக் குண்டூர்க்காரன்தான். தலை நரைத்து, மாலையோடு சாவுக்கு வந்திருந்தான். சென்னையில் பயிற்சி எடுத்தவன், தமிழ் பேசுவான். என்னைப் பார்த்ததும், “உங்க ரகசியத்தை அவருக்குச் சொன்னதே நான்தான்” என்றான். ரகு நிற்கப்போகிறான் என்றால் நான் சர்வீஸுக்கு முன் பந்தை நாலு தடவை தரையில் தட்டுவேனாம். பாயப்போகிறான் என்றால் ஆறு தடவை. அடுத்த பக்கம் ஓட வேண்டுமே என்ற பதற்றத்தில் இரண்டு கூடிப்போகும். அதை எண்ணித்தான் அவர்கள் அடித்தார்கள். புனேயில் எங்களை ஜெயித்த பிறகு, இனி சொன்னால் என்ன என்று ரகுவிடம் சொல்லியிருக்கிறான்.

இதையும் நான் உடனே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பழைய ஆட்டங்களின் சிடிகளைப் போட்டு, விரல் விட்டு எண்ணினேன். நாலு, நாலு, ஆறு, நாலு, ஆறு. ஆறு வரும்போதெல்லாம் ரகு பாய்ந்தான். புனேக்குப் பிறகு நாலுக்கும் பாய்ந்தான். நான் ஆறு தட்டிவிடக் கூடாது என்றுதான் கையை மூடிக் காட்டியிருக்கிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று செத்தவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

பதினாறாம் நாள் பத்மாவிடம் கேட்டேன்.

“நான்கூட அவியகிட்டச் சண்டை போட்டிருக்கேன் அண்ணே. ஊரே துரோகின்னு பேசுது, சொல்லித் தொலைங்களேன்னு. ‘சொன்னா அவன் பந்தைத் தட்டும்போதெல்லாம் எண்ண ஆரம்பிச்சிருவான். பொறவு அவனுக்கு சர்வீஸே விழாது. என்மேல சந்தேகப்பட்டா ஆட்டம் ஒண்ணும் கெடாது, அவன்மேலயே அவன் சந்தேகப்பட்டாத்தான் கெடும்’னு சொல்லுவாக.”

ஆட்டத்தை விட்ட பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்க வீட்டுப்பக்கம் வரவே இல்லையே அண்ணே” என்றாள்.

ரகு, என் சர்வீஸ் கடைசிவரை கெடவில்லை. நீ எனக்கு விட்டுப்போனது அது. வேறு எதை வைத்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.