இருமிக்கொண்டே பெட்டியைத் திறந்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக் கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதுப்பித்தார்கள். மறுநாளே, நெட்வொர்க்கில் இணைத்திருந்த சேமிப்புப் பெட்டி திறக்க மறுத்துவிட்டது. கர்ப்பிணித் தாய்மாரின் விவரம் அத்தனையும் அதற்குள்தான். பெட்டியில் விளக்கு என்னவோ எரிந்துகொண்டுதான் இருந்தது. விடிந்தால் கிளினிக். ஹட்டன் டவுன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மத்தியானம் அவர் வந்தார். ஒல்லியான மனிதர், நனைந்த ஜாக்கெட், தோளில் பை. ஏதோ சொல்ல வாயெடுத்தவரை இருமல் மறித்தது.

"வாங்க, வாங்க, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து இருமி இருமித் தட்டத் தொடங்கினார்.

"பெட்டி கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. அது யாரு என்னான்னு கேக்காம எல்லாரையும் உள்ள விடுது. புது விண்டோஸ் அப்படி எடத்துக்குப் போகமாட்டேங்குது. ஒங்க பேரச் சொல்லுங்க, பெட்டியில பதிஞ்சிருவோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெயரைச் சொன்னேன். கடவுச்சொல் ஒன்றும் போடச் சொன்னார். பெட்டி திறந்தது!

தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனேன். கீழே அக்கரப்பத்தனை பஸ் ஹார்ன் அடித்தது. திரும்பி வந்தால் ஆள் இல்லை.

சாயங்காலம் இன்னொருவர் வந்து, "ஹட்டன் கடையிலருந்து வாறேங்க, பஸ் லேட்டாயிருச்சு" என்றார்.

அப்படியானால் அவர் யார்? டிஸ்பென்சரிக்கு வருகிற எல்லோரிடமும் முதலில் பெயர் கேட்கிறவன் நான். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. இருமலுக்கு மருந்தும் கொடுக்கவில்லை.