வருகை வாசலில் ஒரு அழுகைப் படம்

பத்திரிகைப் படக்காரன் வேலை என்பது, அடுத்தவர் அழும்போது வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் ஒரே நாளில் நின்று பழகிய சகபாவிகளுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த ஒரு லயம் புதைந்த வாரம் அது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அந்த லயத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒரே விமானத்தில் திரும்பி வருகிறார்கள் என்று தகவல். "கட்டிப்பிடிச்சு அழுறது முன் பக்கத்துக்கு வேணும்" என்றார் ஆசிரியர். சொந்தக்காரர்களின் வேனிலேயே நானும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத் தொற்றிக்கொண்டேன்.

வேனுக்குள் ஏற்பாடு

முன் சீட்டில் முருகையா. வருகிறவர்களில் செல்வராணி அவர் மனைவி. பத்து வயது மகள் மண்ணுக்குள் போய்விட்டாள். எடுத்து அடக்கமும் முடிந்துவிட்டது. தாய்க்கு மட்டும் தெரியாது. "லயம் இடிஞ்சிருச்சு, புள்ள ஸ்கூல்ல தங்கியிருக்கா" என்றுதான் போனில் சொல்லி வைத்திருந்தார்கள். நாலைந்து மணி நேர மலைப் பாதை, வழியில் விழுந்துவிடுவாள், ஊருக்குக் கொண்டுபோய் நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கினிகத்தேனையில் டீ குடிக்க இறங்கியபோது முருகையா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"படம் எடுத்துக்கங்க சார். துக்கம் மட்டும் விசாரிச்சிறாதீங்க."

இன்னொருக்கா

முதலில் வெளியே வந்தது மற்றவள், பாக்கியம். அவள் வீட்டில் எல்லோரும் தப்பித்திருந்தார்கள். அண்ணன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அந்த நேரம் பார்த்து ஒரு புண்ணியவான் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு என் கேமராவுக்குக் குறுக்கே போனார். போச்சு! வெட்கத்தை விட்டு, "இன்னொருக்கா கட்டிப்பிடிங்க" என்று கேட்டேன். பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுது முடிஞ்சிருச்சுங்க. வேணும்னா சிரிக்கிறோம்."

பெட்டியும் கைப்பையும்

அடுத்து செல்வராணி. முருகையா போய்ப் பெட்டியை வாங்கினார். அவர் தங்கச்சி கைப்பையை வாங்கினாள். யாரும் அழவில்லை, ஏற்பாடு அப்படி. ஆனால் யாரும் வாயும் திறக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருகிறவரை ‘வாங்க’ என்று சொல்ல மாட்டோமே, அந்த வழக்கம் எயார்போர்ட்டிலும் அவர்கள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அவள் முகம் என் பக்கம் திரும்பினால் போதும். "வாங்கம்மா, வாங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் நாத்தனாரை, அப்புறம் புருஷனை. முருகையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மடத்தனம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன, விரல் பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது.

"வெளியாளு அவரு வாங்கன்னு சொல்றாரு. எங்க ஆளுங்க ஒருத்தரும் சொல்லலியே. ஏங்க... நம்ம புள்ளையா?"

மறுநாள் அந்தப் படத்தை முன் பக்கத்தில் பெரிதாகப் போட்டு ‘உறவுகளின் வரவேற்பு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள்; வரவேற்றது நான் ஒருத்தன்தான்.